படகுக்கு அடிக்கும் பெயின்ட்

மனித குலத்தின் நெடிய வரலாற்றில் ஒரு பொருளை அதன் அடியாழம் வரை அறிந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரே. அவர்கள் பேசினால் உலகம் செவிமடுக்கும். மௌனமானால் உலகம் காத்து நிற்கும். அத்தகைய ஒருவர் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே, ஜெராக்ஸ் கடைக்கும் பல் டாக்டருக்கும் நடுவில், ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையின் கல்லாவில் உட்கார்ந்திருந்தார். அவர் மௌனமாக இருந்ததை யாரும் பார்த்ததில்லை. ஆகவே உலகம் காத்து நிற்குமா என்பது கடைசி வரை தெரியாமலே போயிற்று.

எல்லோரும் அவரைத் தலைவர் என்றார்கள். கடைக்கு அவர் தலைவர் அல்ல. கடையில் கண் பார்ப்பவர் அவருடைய மனைவி. அதற்குப் படித்துச் சான்றிதழ் வாங்கியவரும் அவர்தான். நீளமான பின்னறையின் ஒரு கோடியில் எழுத்து அட்டை, மறு கோடியில் நாற்காலி, நடுவில் ஆறு மீட்டர் காலி இடம். அந்த அறையில் நாள் முழுக்க நின்றுகொண்டு, "இது தெளிவா இருக்கா, இதுவா?" என்று கேட்டுக் கேட்டே அவருக்கு முட்டி தேய்ந்துவிட்டது. தலைவர் முன்பக்கம் ஃப்ரேம்களைத் துடைத்து அடுக்குவார், ரசீது போடுவார், "மேடம் உள்ள இருக்காங்க, அடுத்து நீங்கதான்" என்பார்.

அவர் தலைவராக இருந்தது ஒரு மோட்டார் சைக்கிளுக்கு.

எண்பதுகளின் நடுவில், கடலுக்கு அப்பால் ஒரு நாட்டில், முந்நூற்று நாற்பது மட்டும் செய்துவிட்டு நிறுத்திவிட்ட ஸ்போர்ட்ஸ் பைக் அது. மூன்று சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், கிளப்பினால் பக்கத்துத் தெருவில் ஜன்னல் அதிரும் என்று கேள்வி. உலகில் மிஞ்சியவை அறுபத்தொன்று. அந்த அறுபத்தொன்றில் ஒன்றைக்கூடத் தலைவர் நேரில் பார்த்ததில்லை. ஆனால் அறுபத்தொன்றுக்கும் உலகப் பதிவேடு அவரிடம்தான் இருந்தது. இருபது வருடங்களுக்கு முன் இன்டர்நெட்டில் அவர் ஒரு பக்கம் தொடங்கினார். வேறு யாரும் தொடங்கவில்லை. உலகம் அவரை ஏற்றுக்கொண்டுவிட்டது. ஏதேதோ நாடுகளிலிருந்து ஆட்கள் தங்கள் வண்டியைப் படம் பிடித்து அனுப்புவார்கள். தலைவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து முதல் தரம், இரண்டாம் தரம், மூன்றாம் தரம் என்று எழுதுவார். அவர் எழுதியதுதான் விலை. முதல் தரம் என்றால் ஒரு வீடு வாங்கலாம். மூன்றாம் தரம் என்றால் வீட்டுக்குக் கதவு வாங்கலாம்.

பதிவேட்டுக்கு இருபத்திரண்டு விதிகள் உண்டு. அவற்றில் தலைவருக்குச் செல்லமானது பதினான்காவது: "தொழிற்சாலையில் அடித்த பெயின்ட், முன்புறத்தைக் கூடுபோல மூடும் ஃபேரிங், புகைக்குழாய், இருக்கை ஆகியவற்றில் எதை மாற்றியிருந்தாலும் வண்டி மூன்றாம் தரமே. துரு குற்றமன்று. துருவை நீக்குவதே குற்றம்." இதை எழுதி முடித்த அன்று அவர் தனக்குத் தானே ஒரு காபி வாங்கிக் கொடுத்துக்கொண்டார்.

உள்ளூரில் ஒரு சங்கமும் இருந்தது. மொத்தம் ஏழு பேர். ஞாயிற்றுக்கிழமை மதியம் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, பின்னறையில் உட்கார்ந்து, இல்லாத வண்டியைப் பற்றிப் பேசுவார்கள். செயலாளர் இன்சூரன்ஸ் கம்பெனியில் விபத்து வண்டிகளைப் பார்வையிட்டு நஷ்டம் எழுதுபவர். தலைவர் பேசும்போதெல்லாம் முதல் ஆளாகக் கை தட்டுவார். அந்த நாற்காலி எப்போது காலியாகும் என்று பதினோரு வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்த கை அது.

கடையில் இன்னொரு முக்கியஸ்தர் லென்ஸ் வெட்டும் மெஷின். ஃப்ரேமின் அளவுக்கு லென்ஸைச் சுற்றித் தேய்த்து எடுப்பது அதன் வேலை. வயதாகிவிட்டது. தண்ணீர் ஒழுகும், சக்கரம் ஆடும், நான்கு லென்ஸ் போட்டால் ஒன்று ஓரத்தில் தெறிக்கும். மனைவியின் தம்பி ஏ.சி. மெக்கானிக். வாரம் ஒரு முறை வந்து அதன் வயிற்றைத் திறந்து பார்ப்பான்.

"மாமா, இதுக்கு நான் செய்யறது ரிப்பேர் இல்ல. ஆறுதல்" என்பான்.

புது மெஷினுக்காகத் தலைவரின் மனைவி ஒன்பது வருடம் சேர்த்திருந்தார். இரண்டு தெரு தள்ளி, நாடெங்கும் கிளை உள்ள ஒரு பெரிய கம்பெனி கண்ணாடிக் கடை திறக்கப்போவதாகப் பலகை வைத்திருந்தது. 'ஒரு மணி நேரத்தில் கண்ணாடி' என்று அதில் எழுதியிருந்தது. அவர்கள் திறப்பதற்குள் மெஷின் வந்துவிட்டால் பிழைத்துக்கொள்ளலாம். வராவிட்டால் என்ன ஆகும் என்பதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. மெஷின் கம்பெனிக்காரனிடம் தேதி மட்டும் குறித்து வைத்திருந்தார்.

அந்த வாரத்தில்தான் கடல் கடந்து ஒரு மெயில் வந்தது.

எழுதியவர் ஒரு பெரியவர். ஆயுள் முழுக்கப் படகுகளுக்குப் பெயின்ட் அடித்து ஓய்வு பெற்றவர். தம்பி விட்டுவிட்டுப் போன வண்டி ஒன்று முப்பது வருடமாகக் கொட்டகையில் நிற்கிறதாம். தம்பி இப்போது இல்லை. கொட்டகையைக் காலி செய்ய வேண்டும். இது யாருக்காவது பயன்படுமா என்று கேட்டு நாலு படம் அனுப்பியிருந்தார்.

தலைவர் படங்களைப் பார்த்தார். டேங்க்கில் பெயின்ட் வெளுத்திருந்தது. ஃபேரிங்கில் இடது பக்கம் விரிசல். மூன்று புகைக்குழாயும் துரு. இருக்கையை எலி கடித்திருந்தது. ஆனால் ஒரு போல்ட்டில்கூட ஸ்பேனர் பட்ட தடம் இல்லை.

"கை படாதது" என்றார். "யாரு கையுமே படாதது."

மனைவி ஒரு நோயாளிக்குச் சொட்டு மருந்து விட்டுவிட்டு வெளியே வந்தார். எட்டிப் பார்த்தார்.

"எலி வாய் பட்டிருக்கே."

"உனக்கு இது புரியாதும்மா. உலகத்துலயே இந்த நிலைமையில இருக்கறது இது ஒண்ணுதான். அறுபத்திரண்டாவது வண்டி! இதை எடுத்து முதல் தரம்னு போட்டு ஒரு வருஷம் வெச்சிருந்து வித்தா, ஒரு மெஷின் இல்ல, ரெண்டு மெஷின் வாங்கலாம்."

"ரெண்டாவது மெஷின் எதுக்கு?"

"ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

"முதல் மெஷின் எனக்குப் பேச்சுக்கு இல்லைங்க."

அன்று சாப்பாட்டின்போது தலைவர் வண்டியைப் பற்றியே பேசினார். மறுநாளும் பேசினார். மூன்றாம் நாள் சாப்பிடாமல் பேசினார். நான்காம் நாள் மனைவி பாஸ்புக்கை எடுத்து மேஜை மேல் வைத்தார். "ஒரு வருஷம்னு சொன்னீங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார். இருபத்தாறு வருடத்தில் தலைவர் அவரிடம் கேட்டு வாங்கிய முதல் பெரிய பொருள் அது. மறுக்கும் பழக்கம் அவருக்கு வரவில்லை.

இனி விலை பேச வேண்டும். இங்கேதான் தலைவரின் ஞானம் முழுவீச்சில் இறங்கியது. பெரியவருக்குத் தன் கொட்டகையில் நிற்பது என்னவென்று தெரியாது. பழைய வண்டி என்று நினைத்துப் பழைய வண்டியின் விலை கேட்டிருந்தார். அதையே கொடுத்திருக்கலாம். ஆனால் பேரம் பேசாமல் வாங்கினால் சந்தேகம் வரும் என்பது இந்தத் துறையில் உள்ளவர்களின் பாலபாடம். எது பொக்கிஷமோ அதைத்தான் முதலில் குறை சொல்ல வேண்டும்.

ஜெராக்ஸ் கடையில் லெட்டர்ஹெட் அடித்து வைத்திருந்தார். 'உலகப் பதிவேட்டின் நிறுவனர், நிரந்தரத் தலைவர்' என்று தங்க நிறத்தில், வளைந்த எழுத்தில் இருக்கும். அதில் எழுதி, ஸ்கேன் செய்து அனுப்பினார். முதல் கடிதத்தில் வெளுத்த பெயின்ட்டைப் பார்த்துத் தன் மனம் நொந்ததாக எழுதினார். இரண்டாவதில் ஃபேரிங் விரிசலைப் பற்றி. மூன்றாவதில், தம்மைப் போன்ற பொறுப்பில் இருப்பவர் துருப்பிடித்த குழாயோடு நாலு பேர் முன்னால் நிற்பது எப்படி என்று கேட்டார். நான்காவது முழுக்க எலியைப் பற்றியது.

ஒவ்வொரு கடிதத்துக்கும் பெரியவர் வருத்தம் தெரிவித்தார்; ஒவ்வொரு முறையும் விலையைக் குறைத்தார்.

"பார்த்தியா?" என்று தலைவர் மனைவியிடம் காட்டினார். "அந்தப் பெயின்ட்லயும் துருவுலயும்தான் மொத்த வெலையும் இருக்கு. அதையே சொல்லிச் சொல்லிக் கொறைச்சுட்டேன்."

மனைவி கடிதங்களைப் படித்தார். நல்ல பார்வை அவருக்கு. பொடி எழுத்தும் தப்பாது.

"பாவம், ரொம்ப வெட்கப்படறாரே. எதையும் தொடாம அப்படியே அனுப்புங்கன்னு ஒரு வரி எழுதிடுங்களேன்."

தலைவர் சிரித்தார். பாமரர்களைப் பார்த்துச் சிரிப்பதற்கென்று அவரிடம் ஒரு சிரிப்பு இருந்தது. "அப்படி எழுதினா என்னன்னு யோசிப்பாரு. விசாரிப்பாரு. வெல ஏறிடும். வியாபாரம்னா வாயை மூடிட்டு இருக்கணும்மா."

அவர் வாயை மூடிக்கொண்டிருந்த ஒரே சந்தர்ப்பம் அதுதான்.

வண்டிக்கும் கப்பலுக்குமாகப் பாஸ்புக் காலியாகி, பணம் போய்ச் சேர்ந்த மறுநாள் பெரியவரிடமிருந்து இரண்டு வரி வந்தது. வண்டியை அனுப்ப ஆறு வாரம் கூடுதலாகும், ஒரு சின்ன வேலை பாக்கி இருக்கிறது, மன்னிக்கவும்.

"என்ன வேலையாம்?" என்றார் மனைவி.

"கையெழுத்து, சீல்னு ஏதாவது இருக்கும். அந்த நாட்டுல எல்லாம் அப்படித்தான்" என்றார் தலைவர். அந்த நாட்டை அவர் வரைபடத்தில் பார்த்திருந்தார்.

ஆறு வாரம் பதினான்கு வாரமாயிற்று. இடையில் பெரிய கடை திறந்துவிட்டது. வாசலில் பலூன் கட்டியிருந்தார்கள். தலைவர் துறைமுகச் சுங்க அலுவலகத்துக்கு மூன்று முறை பஸ் மாறிப் போனார். மூன்றாம் முறை, அலுப்பில் இருந்த ஓர் அதிகாரி, "பழைய இரும்புதானே சார் இது?" என்று பேனாவைத் திறந்தார். தலையாட்டியிருந்தால் வரி கால்வாசியோடு போயிருக்கும். தலைவர் நாற்பது நிமிடம் அது என்ன வண்டி என்பதை விளக்கினார். அதிகாரி பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, "அப்படின்னா இதுக்குச் சொகுசு வாகனக் கணக்குல வரி போடணும் சார்" என்று எழுதினார். மனைவியின் கையிலிருந்த இரண்டு வளையல்கள் அன்றைக்குப் போயின.

பெட்டி வந்து இறங்கியது ஒரு ஞாயிறு காலை. சங்கம் ஏழு பேரும் சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். செயலாளர் தன் ஆபீஸ் கருவியைக் கொண்டுவந்திருந்தார். பெயின்ட் மேல் வைத்தால் அதன் தடிமனைக் காட்டும் கருவி. மச்சினன் கடப்பாரையோடு நின்றான். பஸ் நிறுத்தத்தில் இருந்தவர்களும் பஸ்ஸை விட்டுவிட்டு நின்றார்கள்.

தலைவர் பேசினார். காலத்தின் கை படாத ஒன்றை இன்று இந்தத் தெரு காணப்போகிறது என்றார். முப்பது வருடத் தூசியைத் துடைக்க யாரும் முன்வர வேண்டாம், அது தூசியல்ல, சரித்திரம் என்றார்.

"மாமா, கை வலிக்குது. சரித்திரத்தைத் திறக்கட்டுமா?" என்றான் மச்சினன்.

பலகை விழுந்தது. உள்ளே சுற்றியிருந்த துணியை அவன் உருவினான்.

வண்டி மின்னியது.

நீலமும் வெள்ளையும் அப்போதுதான் ஊற்றியதுபோல இருந்தன. ஃபேரிங் புதியது. மூன்று புகைக்குழாயிலும் பக்கத்துப் பல் டாக்டரின் பெயர்ப்பலகை தலைகீழாகத் தெரிந்தது. இருக்கையில் புதுத் தோல், ஓரத்தில் அழகான தையல். டேங்க்கின் இரண்டு பக்கமும், படகின் மூக்கில் பெயர் எழுதுவதைப் போல, நிதானமான கையால், தங்க நிறத்தில், வளைந்த எழுத்தில், 'உலகப் பதிவேட்டின் நிறுவனர், நிரந்தரத் தலைவர்' என்று எழுதியிருந்தது.

பஸ் நிறுத்தத்தில் யாரோ விசிலடித்தார்கள். இரண்டு பேர் கைதட்டினார்கள். செயலாளர் தட்டவில்லை. பதினோரு வருடத்தில் முதல் முறை.

"ஆஹா, எவ்வளவு அழகா இருக்கு!" என்றார் மனைவி. உண்மையாகவே சொன்னார். பிறகு கணவரின் முகத்தைப் பார்த்தார்.

ஹேண்டில்பாரில் ஒரு கவர் கட்டியிருந்தது. மனைவிதான் பிரித்து, எல்லோருக்கும் கேட்கப் படித்துச் சொன்னார்.

மதிப்புக்குரிய தலைவர் அவர்களுக்கு, தாங்கள் குறிப்பிட்ட நான்கு குறைகளும் என் மனதை உறுத்திக்கொண்டே இருந்தன. விலையை மட்டும் குறைத்துவிட்டு அந்த நிலையில் வண்டியை அனுப்பினால் என் தம்பியின் ஆத்மா என்னை மன்னிக்காது. பழைய பெயின்ட்டை இரும்பு தெரியும்வரை சுரண்டிவிட்டு, படகுக்கு அடிக்கும் பெயின்ட்டில் ஏழு பூச்சு அடித்திருக்கிறேன். உப்புத் தண்ணீருக்கே அசையாது. ஃபேரிங், குழாய்கள், இருக்கை எல்லாம் புதிதாகச் செய்வித்தேன். தாங்கள் கொடுத்த பணத்தில் பெரும்பகுதி இதற்கே ஆயிற்று, அதில் எனக்கு வருத்தமில்லை. தங்கள் பட்டத்தை மட்டும் என் அன்பளிப்பாக எழுதினேன். கழற்றிய பழைய சாமான்கள் தங்களுக்குத் தொந்தரவாக இருக்கக் கூடாது என்று நானே கொண்டுபோய் நொறுக்கும் இடத்தில் போட்டுவிட்டு வந்தேன்.

தெருவில் ஒரு பஸ் வந்து நின்று போயிற்று.

செயலாளர் கருவியை டேங்க் மேல் வைத்தார். அது கூவியது. "தொழிற்சாலைப் பெயின்ட் மாதிரி எட்டு மடங்கு காட்டுது, தலைவரே" என்றார், துக்க வீட்டில் பேசுவதுபோல. "விதி பதினாலு..."

"தெரியும்யா."

"நீங்க எழுதினதுதான். நான் பைண்டிங் பண்ணிக் கொண்டாந்ததோட சரி."

"இப்ப என்னதான் ஆச்சு?" என்றான் மச்சினன். "வண்டி புதுசா இருக்கறதுதான் தப்பா?"

பிறகு அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு, பலகையிலிருந்த ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி வாயகன்ற டப்பாவில் போட ஆரம்பித்தான்.

வண்டியை நிறுத்த அந்தப் பின்னறை ஒன்றுதான் இருந்தது. எழுத்து அட்டைக்கும் நாற்காலிக்கும் நடுவில், சுவரை ஒட்டி, போர்வை போர்த்தி நிறுத்தினார்கள். கண் காட்ட வந்தவர்கள் முட்டியை இடித்துக்கொண்டு போனார்கள்.

தலைவர் பத்து நாள் ஏதேதோ யோசித்தார். பெரியவர் முதலில் அனுப்பிய நாலு படங்களையே பதிவேட்டில் போட்டு, முதல் தரம் என்று எழுதி, யாருக்காவது தள்ளிவிட்டால் என்ன என்று ஒரு நாள் வாய்விட்டே கேட்டார்.

"டேங்க்ல உங்க பட்டம் எழுதியிருக்கே, அதையும் தொழிற்சாலையிலயா எழுதினாங்கன்னு கேட்டா?" என்றார் மனைவி. கோபமாகக் கேட்கவில்லை. கோபமாகக் கேட்டிருந்தால் தலைவர் அன்றிரவு தூங்கியிருப்பார்.

பெரியவருக்கு ஒரு வசைக் கடிதம் எழுத உட்கார்ந்தார். எதற்காகத் திட்டுவது என்று தெரியவில்லை. தான் கேட்ட நான்கையும் ஒன்றுவிடாமல் செய்திருக்கிறார் மனிதர். மனைவி வந்து பக்கத்தில் நின்றார்.

"நன்றின்னு எழுதுங்க."

"நன்றியா?"

"அவர் நல்லது நெனச்சுதான் செஞ்சாரு. அந்த வயசுல ஏழு பூச்சு. குனிஞ்சு குனிஞ்சு அடிச்சிருப்பாரு. எழுதுங்க."

எழுதினார். லெட்டர்ஹெட்டில் எழுதவில்லை.

அடுத்த கூட்டத்தில் சங்கம் செயலாளரைப் புதுத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. மூன்றாம் தர வண்டி வைத்திருப்பவர் பதிவேட்டைப் பராமரிக்கலாகாது என்று பத்தொன்பதாம் விதியில் இருந்தது. அதையும் எழுதியவர் அவர்தான். எல்லோரும் பழையவரையும் தொடர்ந்து தலைவர் என்றே கூப்பிட்டார்கள். அது அவமானத்தைக் கொஞ்சம்கூடக் குறைக்கவில்லை. பதிவேட்டில் அறுபத்திரண்டாவது வண்டி மூன்றாம் தரம் என்று புதுத் தலைவர் தன் கையால் ஏற்றினார். உலகெங்கும் இருந்து விசாரித்துக்கொண்டிருந்தவர்கள் அந்த வாரத்தோடு விசாரிப்பதை நிறுத்தினார்கள்.

லென்ஸ் மெஷின் ஒரு செவ்வாய்க்கிழமை நின்றது. ஒரு பள்ளிக்கூட டீச்சரின் லென்ஸ் பாதி வெட்டப்பட்டு உள்ளே இருந்தது. மச்சினன் வந்து திறந்து பார்த்தான். நெடுநேரம் பார்த்தான். எந்த ஜோக்கும் சொல்லாமல் மூடினான்.

"அக்கா, முடிஞ்சுது" என்றான்.

அதன்பின் லென்ஸ்களை ஊரின் மறுகோடியில் இருந்த ஒரு பட்டறைக்குக் கொடுத்தனுப்பி வெட்டி வாங்கினார்கள். நாலு நாள் ஆகும். இரண்டு தெரு தள்ளி ஒரு மணி நேரம். வந்தவர்கள் சங்கடத்தோடு சிரித்து, "அப்புறமா வர்றேங்க" என்று போனார்கள். சிலர் கண்ணை மட்டும் இங்கே காட்டிவிட்டுச் சீட்டை அங்கே கொண்டுபோனார்கள். தலைவர் ஃப்ரேம்களைத் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

ஒரு மத்தியானம், ஆள் யாரும் இல்லாத நேரத்தில், அவர் பின்னறை நாற்காலியில் போய் உட்கார்ந்தார். கண் சரியாகத் தெரியவில்லை என்றார். மனைவி சோதனை ஃப்ரேமை மாட்டினார். லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டார்.

"இது தெளிவா இருக்கா, இதுவா?"

"ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு."

"இது?"

"அதுவும்."

மனைவி டார்ச் அடித்துப் பார்த்தார். அணைத்தார். "உங்க கண்ணுல ஒண்ணும் இல்லைங்க" என்றார். தலைவர் ஃப்ரேமைக் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். மனைவி கழற்றவும் சொல்லவில்லை. ஆறு மீட்டர் தள்ளி, அட்டையின் கடைசி வரி வரை தலைவருக்குத் தெளிவாகத் தெரிந்தது.

மாதம் முடிவதற்குள் மனைவி சோதனை லென்ஸ்களைப் பெட்டியில் அடுக்க ஆரம்பித்தார். ஒவ்வொன்றையும் துணியால் துடைத்து, எண் பார்த்து, அதனதன் பள்ளத்தில் வைத்தார்.

"திங்கக்கிழமையிலேர்ந்து வரச் சொல்லிட்டாங்க" என்றார்.

"யாரு?"

"ரெண்டு தெரு தள்ளி. கண் பாக்கற வேலை. உக்காந்துகிட்டே பாக்கலாமாம். சுழல் நாற்காலி."

தலைவர் சற்று நேரம் கல்லாவின் விளிம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கும் ஏதாவது கேட்டியா?"

"கேட்டேன்." ஒரு லென்ஸைப் பள்ளத்தில் வைத்தார். இன்னொன்றை வைத்தார். "கல்லாவுக்கு ஆள் இருக்காங்களாம்."

வண்டியை வாங்கிக்கொள்ளக் கடைசியில் ஒருவர் வந்தார். நாலாவது தெருவில் ஆண்களுக்கான முடிதிருத்தும் கடை வைத்திருப்பவர். வாசலில் அலங்காரத்துக்கு நிறுத்த ஏதாவது தேடிக்கொண்டிருந்தார். வண்டியைச் சுற்றி வந்தார், விரலால் டேங்க்கைத் தட்டிப் பார்த்தார்.

"எழுத்தை அழிச்சுத் தரவா?" என்று தலைவர் கேட்டார்.

"ஐயையோ, வேணாம் சார். அதான் கெத்து. இஞ்சின் ஓடுதா இல்லையான்னு எனக்குக் கவலை இல்ல. பசங்க உக்காந்து போட்டோ எடுத்துக்கட்டும்."

அவர் கொடுத்தது மெஷினுக்கு முன்பணமாகக்கூடக் காணாது. கட்டடச் சொந்தக்காரரிடம் ஒப்படைக்க வேண்டிய வாடகைக்குச் சரியாக இருந்தது. மறுநாள் காலை ஆள் அனுப்புவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் கடையில் எடுக்க வேண்டியதை எல்லாம் எடுத்தாயிற்று. சுவரில் ஃப்ரேம்கள் இருந்த இடம் மட்டும் வெள்ளைக் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. மச்சினன் பெயர்ப்பலகையை இறக்கி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான். தலைவரின் மனைவி பின்னறையில் எழுத்து அட்டையைக் கழற்றிச் சுருட்டினார். பிறகு வண்டியின் மேலிருந்த போர்வையை எடுத்து மடித்தார். வீட்டுப் போர்வை அது.

கொஞ்ச நேரம் வண்டியைப் பார்த்தார்.

"பின்னாடி எனக்கு இடம் இல்லல்ல?"

"இது ஒரு சீட் வண்டிம்மா. முந்நூத்தி நாப்பதும் அப்படித்தான்."

"தெரியும். வந்த அன்னிக்கே பார்த்தேன்." போர்வையை இடுப்பில் இடுக்கிக்கொண்டார். "நீங்களாவது ஒரு தடவை உக்காருங்க."

"வேணாம்."

"நாளைக்கு முடி வெட்டிக்க வர்றவங்கல்லாம் உக்காரப் போறாங்க. நீங்க உக்காரக் கூடாதா? உக்காருங்க. நான் பாக்கறேன்."

வேறு எதையும் இனி மனைவிக்குக் கொடுக்க முடியாது என்பதால் தலைவர் எழுந்தார். செருப்பைக் கழற்றினார். பிறகு மாட்டிக்கொண்டார். ஒரு காலைத் தூக்கி அந்தப் பக்கம் போட்டார். இரண்டாவது முயற்சியில் போய் விழுந்தது. புதுத் தோல் கிறீச்சிட்டது. படங்களில் அந்த நாட்டுக்காரர்கள் செய்வதுபோல மூச்சை இழுத்துக்கொண்டு முன்னால் குனிந்தார். மனைவி வாசல் பக்கத்து வெளிச்சத்தை மறைக்காதபடி ஒதுங்கி நின்று பார்த்தார்.

வயிறு டேங்க்கில் முட்டியதால் கை ஹேண்டில்பாருக்கு எட்டவில்லை.